பெயரும் குரலும்: வவுனியாப் பல்கலைக்கழகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வன்னி நாட்டிற் கால்நடை வளர்ப்போர் தம் மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கம் பழமையானது. காட்டோரத்திலும் குளக்கரையிலும் பல பட்டிகள் கலந்து மேயுமிடத்து, இன்ன மாடு இன்னாருடையது என்று அறிதற்கு அக்குறியே சான்று. ஆங்கிலத்திற் 'பிராண்ட்' என்று வழங்கும் சொல்லும் ஆதியில் எரிதலையும், சூட்டுக்கோலாற் சுட்ட வடுவையுமே குறித்தது. பின்னர் அது வணிகப் பண்டத்தின் அடையாளத்துக்கு ஆகி, இக்காலத்தில் ஒரு நிறுவனத்தைப் பற்றி மக்கள் மனத்திற் பதிந்திருக்கும் எண்ணம் முழுவதையும் சுட்டி நிற்கின்றது.

இச்சொல்லைப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துப் பேசுதல் அறிஞர் பலர்க்கு உவப்பாயிராது. கல்வி கடைச்சரக்கன்று, அதற்கு விளம்பரம் எற்றுக்கு என்பர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் குறிசுடுதலின் பயனை நோக்குவோர்க்கு வேறோர் உண்மையும் புலனாகும். குறியானது மாட்டைப் பால் சொரியச் செய்யாது. மெலிந்த மாட்டைக் கொழுத்ததாகவும் காட்டாது. ஆனால் வழிதவறிய காலத்து அதனை உரிய பட்டிக்குக் கொண்டு சேர்க்கும். ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இத்தகைய அடையாளம் வேண்டும். அது தன்னைப் புகழ்வதற்கன்று. தன்னை நாடுவோர் தன்னை ஐயமின்றி அறிதற்கும், தான் சொன்ன சொல்லுக்குத் தானே பொறுப்பாதற்கும் ஆம். இவ்வடையாளம் வரைந்த சின்னத்தால் மாத்திரம் அமைவதன்று. பேசும் குரலால் அமைவது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குரலும் செய்தியும்

இருட்டில் வருபவர் இன்னார் என்பதை அவர் குரல் கொண்டே அறிகின்றோம். அவர் மகிழ்ச்சியிற் பேசினும் துயரிற் பேசினும், சிறுவரோடு பேசினும் சான்றோரோடு பேசினும், குரலின் அடிப்படை மாறுவதில்லை. இடத்துக்கேற்ப அதன் ஏற்றத்தாழ்வே மாறும். நிறுவனத்தின் குரலும் அத்தகையதே. பத்திரிகையில் வரும் அறிவித்தல், புதுமுக மாணவர்க்கு அனுப்பும் கடிதம், பட்டமளிப்பு விழாப் பேருரை, இணையத்தளத்தில் இடும் குறிப்பு, தொலைபேசியில் விடையிறுக்கும் எழுதுவினைஞரின் சொல் என்னும் இவையெல்லாம் சேர்ந்தே ஒரு பல்கலைக்கழகத்தின் குரலாகின்றன. எதனைச் சொல்வது என்பது செய்தி. எவ்வாறு சொல்வது என்பது குரல். இவ்விரண்டும் பல வாய்களினின்று வரினும் ஒன்றாகவே இருத்தலை ஒருமைப்பாடு எனலாம்.

வன்னியிற் பிறந்தார்க்கு இதனை விளக்கக் குளத்தினும் சிறந்த உவமை வேண்டியதில்லை. குளத்து நீர் துருசின் வழியே வெளிப்பட்டுப் பல வாய்க்கால்களிற் பிரிந்து ஓடுகின்றது. தலைவாய்க்காலில் ஓடுவதும் கடைக்கோடி வயலுக்குச் செல்வதும் ஒரே நீரே. வாய்க்கால் தோறும் நீரின் நிறமும் சுவையும் வேறுபடுமாயின், இடையில் ஏதோ கலந்துவிட்டது என்று கமக்காரன் ஐயுறுவான். பல்கலைக்கழகத்தின் பீடங்களும் திணைக்களங்களும் அலுவலகங்களும் அவ்வாய்க்கால்களை ஒப்பன. ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்குமாயின், கேட்போர் இரண்டையும் நம்பார்.

மூன்று பெயர், ஓர் உயிர்

இப்பொருளை ஆராய்தற்கு நம் கண்முன் நிற்கும் சான்று வவுனியாப் பல்கலைக்கழகம். 1991ஆம் ஆண்டில் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம், 1997ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி அது தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மன்னார் வீதியிலுள்ள பம்பைமடுவில் அமைந்த இக்கழகத்திற் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என்னும் மூன்று பீடங்கள் இயங்குகின்றன. ஆக, 30 ஆண்டுகளுள் ஒரே நிறுவனம் மூன்று பெயர்களைத் தாங்கியது. அவ்வாண்டுகளிற் பெரும் பகுதி போர்க்காலமாயிருந்ததும் நாம் அறிந்ததே.

இத்தகைய பெயர்மாற்றம் நம் நாட்டிற் புதுமையன்று. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் ஒன்றாக இணைத்த அமைப்பினுள் அடங்கிற்று. பேராதனை அதன் ஒரு வளாகமாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1974ஆம் ஆண்டு அவ்வொரே பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று, சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் தொடங்கப்பட்டது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் பின், 1979ஆம் ஆண்டு தொடக்கத்தில் இவ்வளாகங்கள் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. எனவே வளாகமாயிருந்து பல்கலைக்கழகமாதல் என்னும் வழியில் யாழ்ப்பாணம் முன்னே நடந்தது; வவுனியா பின்னே நடந்தது. தாய் நடந்த தடத்திலேயே மகள் நடந்தாள் என்று சொல்லலாம்.

பெயர் மாறும்போது நிகழ்வது யாது? சட்டம் ஒரு நாளிற் பெயரை மாற்றிவிடும். மக்கள் நாவும் நினைவும் அவ்வாறு மாறா. இன்றும் வவுனியா நகரிற் பலர் 'கம்பஸ்' என்றே அக்கழகத்தைச் சுட்டுவர். 1997ஆம் ஆண்டுக்கும் 2021ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்கே பயின்று வெளியேறியோர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர். ஆனால் அவர்கள் உண்டு உறங்கிப் படித்த இடம் வவுனியா. 'நீ எப்பல்கலைக்கழகத்தாய்?' என்று ஒருவர் வினவின், அவர் யாது கூறுதல் வேண்டும்? இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. பழைய மாணவர் தம்மை இக்கழகத்தின் பிள்ளைகளாக எண்ணுவரோ, கைவிடப்பட்டோராக எண்ணுவரோ என்பது, கழகம் தன் வரலாற்றை எவ்வாறு சொல்லுகின்றது என்பதைப் பொறுத்தது. தன் வயதை 2021இலிருந்து மாத்திரம் எண்ணுமாயின், 24 ஆண்டுப் பட்டதாரிகளை அது வெளியே நிறுத்திவிடும். 1991இலிருந்து எண்ணி, மூன்று பெயர்களையும் ஒரே வாழ்க்கையின் பருவங்களாகச் சொல்லுமாயின், அவர்கள் யாவரும் அதன் உறவினராவர். எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்னும் இச்சிறு முடிவே குரலை அமைக்கும் முதற் பணி.

முன்னோர் காட்டிய வழி

குரலின் ஒருமை என்பது மேனாட்டு வணிகர் கண்டுபிடித்தது என்று கருதுதல் பிழை. சைவத் தமிழுலகுக்கு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் இதனைச் செய்து காட்டினார். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், 1864இற் சிதம்பரத்திலும் அதே பெயரால் வித்தியாசாலை கண்டார். கடல் கடந்த இரு நகரங்களில் இரு பள்ளிகள், பெயர் ஒன்று, நோக்கம் ஒன்று. சிறுவர்க்கெழுதிய பாலபாடங்களிலும், பொதுமக்களை விளித்து வெளியிட்ட விக்கியாபனங்களிலும், புராண வசனங்களிலும் அவருடைய உரைநடை ஒரே தெளிவுடையது. படிப்பவர் தரத்துக்கேற்ப எளிமையும் செறிவும் வேறுபடும். சொல்லும் நேர்மையும் இலக்கணத் தூய்மையும் வேறுபடா. பெயர் அச்சிடப்படாத ஒரு தாளைக் கண்டாலும் இஃது நாவலர் நடை என்று கற்றோர் கூறத்தக்க நிலை அமைந்தது. இன்று நாம் 'நிறுவனக் குரல்' என்று பெயரிட்டு அழைப்பதன் முழு இலக்கணமும் இங்கே உண்டு.

பல்கலைக்கழகங்கள் தம் நோக்கத்தை ஒரு தொடரில் அடக்கி இலச்சினையிற் பொறித்தலும் பழைய வழக்கமே. பேராதனைப் பல்கலைக்கழகம் கொண்டுள்ள வடமொழித் தொடர், நூலறிவே யாவர்க்கும் கண் என்னும் கருத்தைத் தருவது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ திருக்குறளினின்று ஒரு தொடரை எடுத்துக்கொண்டது. அறிவுடைமை, மெய்யுணர்தல் என்னும் இரண்டு அதிகாரங்களிலும் ஒவ்வொரு குறளின் இறுதியில் அத்தொடர் வருகின்றது. முன்னையது, யார் சொன்னாலும் சொல்லப்பட்டதன் உண்மையை ஆராய்க என்கின்றது. பின்னையது, எத்தன்மையதாய்த் தோன்றினும் தோற்றத்தின் உள்ளே இருப்பதைக் காண்க என்கின்றது. இத்தகைய வாக்கைத் தலையில் தாங்கிய நிறுவனம், தான் வெளியிடும் சிறு அறிவித்தலும் அந்த ஆராய்ச்சிக்கு நிற்குமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டது. இலட்சிய வாக்கு அழகுக்கு எழுதிய வரியன்று. நாள்தோறும் எழுதுவதை அளக்கும் கோல்.

அயல்நாடுகள் கற்ற பாடம்

குரலை விட்டுச் சின்னத்தை மாத்திரம் மாற்ற முயன்றோர் பட்ட இடர் இரண்டினை இங்கே கூறுதல் பொருந்தும். அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2012ஆம் ஆண்டு புதுமுறையான சின்னம் ஒன்றை வெளியிட்டது. பழைய முத்திரையை நீக்குவது அதன் நோக்கமன்று. பட்டச் சான்றிதழ்களில் அம்முத்திரையே நிலைத்திருக்கும், பிரசுரங்களுக்கு மாத்திரமே புதியது என்பதே திட்டம். ஆயினும் அவ்விளக்கம் மாணவரையும் பழைய மாணவரையும் உரியவாறு எட்டவில்லை. 50,000 பேருக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு எதிர்த்தனர்; அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலேயே அச்சின்னம் கைவிடப்பட்டது. இலண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரி, 'கல்லூரி' என்னும் சொல் வெளிநாட்டாரை மயக்குகின்றது எனக் கருதி, 'கிங்ஸ் லண்டன்' என்று தன்னை அழைத்துக்கொள்ள 2014இல் திட்டமிட்டது. மாணவரும் பழைய மாணவரும் எதிர்த்தமையால் 2015 ஜனவரியில் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் வரைந்தோர் திறமையற்றவர் அல்லர். பெயரும் சின்னமும் நிருவாகத்தின் உடைமை என்று எண்ணியதே பிழையாயிற்று. அவை அங்கே படித்தவர், படிப்பிப்பவர், படிக்கவிருப்பவர் யாவர்க்கும் பொதுவுடைமை. ஆதலால் ஒரு பல்கலைக்கழகம் தன் குரலை அமைக்கப் புகுமுன் செய்யத்தக்கது பேசுதலன்று, கேட்டல்.

யார்க்குப் பேசுவது?

வவுனியாப் பல்கலைக்கழகத்தின் கேட்போர் யாவர்? முதலில், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவர். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைந்நூலைப் பார்த்துத் தாம் விரும்பும் கற்கைநெறிகளை அவர்கள் வரிசைப்படுத்தி எழுதுகின்றனர். திறமை அடிப்படையிலும் மாவட்ட அடிப்படையிலும் இடங்கள் பகிரப்படுகின்றன. கல்வி வசதி குன்றிய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய சிறு பங்கினுள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகியனவும் இடம்பெற்று வந்தன. நாடு முழுவதற்கும் பொதுவான இம்முறையால், வன்னியிலுள்ள பல்கலைக்கழகத்துக்குத் தீவின் எத்திசையிலிருந்தும் மாணவர் வருவர். மாத்தறை மாணவி ஒருத்திக்கும் மல்லாவி மாணவன் ஒருவனுக்கும் அது ஒரே வேளையில் தன்னை விளக்க வேண்டியிருக்கின்றது.

இரண்டாவதாக, பெற்றோர். தம் குடும்பத்திற் பல்கலைக்கழக வாயிலை முதன்முதல் மிதிக்கும் பிள்ளையின் தந்தைக்கு, அலுவலகக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் கனமானது. பதிவு செய்யவேண்டிய நாள் எது, கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் எவை, விடுதி கிடைக்குமா, உதவிப்பணம் உண்டா என்பவற்றை அவர் ஐயமின்றி அறிதல் வேண்டும். மங்கலான ஒரு வாக்கியத்தால் ஒரு நாள் தவறின், ஓர் இடமே தவறிவிடக்கூடும். நமது ஆய்வுப் பொருளின் உயிர்நிலை இதுவே. தெளிவற்ற எழுத்தினால் நட்டப்படுவோர் எழுதியவர் அல்லர். கேட்டறிய வேறு வழியில்லாத ஏழையரே.

மூன்றாவதாக, சூழவுள்ள மக்கள். கமக்காரர், சிறு வணிகர், கூட்டுறவுச் சங்கத்தார், பாடசாலை ஆசிரியர் ஆகியோர் பல்கலைக்கழகத்தை வேலிக்கு அப்பாலுள்ள கட்டடமாகக் காண்பரோ, தம் குறைகளைக் கொண்டுசென்று கேட்கத்தக்க இடமாகக் காண்பரோ என்பது அது பேசும் முறையாலும் தீரும். நான்காவதாகப் பட்டதாரிகளை வேலைக்கமர்த்துவோர், ஐந்தாவதாகப் பிறநாட்டு அறிஞர். இவர்கள் எல்லோர்க்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான்கு கூற்றுகள்

குரலை அமைப்போர் முதலில் அடிப்படைக் கூற்றுகள் சிலவற்றை வகுத்து, அவற்றை ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். அவை நான்கு ஐந்துக்கு மேற்படின் எவர் நினைவிலும் நில்லா. எமது சிந்தனைக்கு எட்டியவாறு வவுனியாவுக்குரிய நான்கினை இங்கே முன்வைக்கின்றோம்.

ஒன்று, இடம்: 'யாம் வன்னியில் நிற்கின்றோம், குளமும் வயலும் காடும் சூழ்ந்த இந்நிலத்தின் வினாக்கள் எம் ஆய்வின் வினாக்கள்.' இரண்டு, கல்வி: 'யாம் பிரயோக விஞ்ஞானமும் வியாபாரமும் தொழினுட்பமும் கற்பிக்கின்றோம், எம் கல்வி தொழிலிற் கைகொடுக்கும்.' மூன்று, கூட்டு: 'மூன்று மொழி பேசுவோர் எம் வகுப்பறையில் ஒருங்கிருந்து கற்கின்றனர்.' நான்கு, வழிமுறை: 'யாம் 1991இற் பிறந்தோம், யாழ்ப்பாணத்தின் மடியில் வளர்ந்தோம், 2021இற் றனித்து நின்றோம்.'

இக்கூற்றுகள் ஒவ்வொன்றன் எதிரேயும் அதற்குரிய சான்றை எழுதுதல் இன்றியமையாதது. நிலத்தின் வினாவை ஆராய்கின்றோம் என்போர், ஆராய்ந்த குளத்தின் பெயரையும் கண்ட முடிவையும் காட்டல் வேண்டும். கல்வி தொழிலுக்கு உதவும் என்போர், பட்டதாரிகள் எங்கே என்ன பணி செய்கின்றனர் என்று கணக்கு வைத்திருத்தல் வேண்டும். சான்று காட்ட இயலாத கூற்றை அழித்துவிடுக; அல்லது அதனை மெய்யாக்கும் செயலை முதலிற் செய்க. வணிக விளம்பரத்துக்கும் பல்கலைக்கழகச் செய்திக்கும் உள்ள வேறுபாடு இதுவே. 'தலைசிறந்த', 'உலகத்தரமான', 'முன்னணி' என்னும் அடைமொழிகளை எல்லாப் பல்கலைக்கழகங்களும் எடுத்தாளுகின்றன. எல்லா மாட்டுக்கும் ஒரே குறியைச் சுட்டால் அது குறியாகாது.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. வன்னியிற் பல்கலைக்கழகக் கல்வி தருவது வவுனியா மாத்திரமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வெளியூரார் இரண்டினையும் மயங்கி உணர்தல் இயல்பு. எது எதனைக் கற்பிக்கின்றது என்பதை இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று தாழ்த்தாது தெளிவுபடச் சொல்லுதல் மாணவர்க்குச் செய்யும் பேருதவியாகும்.

மும்மொழியும் ஒரு குரலும்

1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. 1987ஆம் ஆண்டு வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழியாகும் என்றும் விதித்தது. ஆகவே இலங்கைப் பல்கலைக்கழகம் எதுவும் மூன்று மொழிகளிற் பேசவேண்டிய நிலையில் உள்ளது. வவுனியாவில் இது சட்டத்தின் கட்டாயம் மாத்திரமன்று; வாழ்க்கையின் நிலையும் ஆம். அம்மாவட்டத்திலேயே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். ஊரின் பெயரே தமிழில் வவுனியா என்றும் சிங்களத்தில் வவுனியாவ என்றும் வழங்குகின்றது.

இங்கே நேரக்கூடிய பெருந்தவறு, ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மற்றை இரண்டினையும் அவசரத்தில் மொழிபெயர்த்து ஒட்டுதல். அவ்வாறு வரும் தமிழ் எத்தகையது? 'மேற்படி விடயம் தொடர்பில் உரிய தரப்பினரால் உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படவேண்டும் என இத்தால் அறியத்தரப்படுகின்றது' என்பது போன்ற வாக்கியங்களை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். யார் செய்வது, எதனைச் செய்வது, எப்போது செய்வது என்னும் மூன்றும் அதில் இல்லை. அதனையே, 'புதிய மாணவர்கள் வருகின்ற திங்கட்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு முன் தம் பிறப்புச் சான்றிதழைப் பதிவாளர் அலுவலகத்திற் கொடுத்தல் வேண்டும்' என்று எழுதினால், கேட்டவர் எழுந்து புறப்படுவார். முன்னையது அதிகாரத்தின் குரல். பின்னையது ஆசிரியனின் குரல். பல்கலைக்கழகத்துக்கு உரியது ஆசிரியனின் குரலே.

கலைச்சொல்லிலும் ஒருமை வேண்டும். ஒரே பதவியை ஓரிடத்தில் உபவேந்தர் என்றும் மற்றோரிடத்தில் துணைவேந்தர் என்றும், ஒரே பொறியைக் கணினி என்றும் கணனி என்றும், ஒரே பாடத்தைப் பௌதிகவியல் என்றும் இயற்பியல் என்றும் எழுதினால், படிப்போர் இவை வேறு வேறோ என மயங்குவர். இரண்டு சொற்களும் தம்மளவிற் சரியாயிருக்கலாம். ஒன்றைத் தெரிந்து அதனையே வழங்குதல் முறை. தாய்மொழிக் கல்வி பரவிய காலத்தில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற் றொகுதிகளை வெளியிட்டு, நாட்டின் பாடநூல்கள் ஒரே சொல்லைக் கையாள வழிசெய்தது. அப்பணியைச் சிறிய அளவில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கெனச் செய்துகொள்ளலாம். பதவிப் பெயர், பீடப் பெயர், பட்டப் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றை மூன்று மொழியிலும் நிரலாகக் காட்டும் இருபது பக்கக் கைந்நூல் ஒன்று போதும்.

நடைமுறை

இவற்றைச் செயற்படுத்தும் முறையையும் சுருங்கக் கூறுவாம். முதற்கண், மாணவர், ஆசிரியர், ஊழியர், பழைய மாணவர், அயலார் ஆகியோரை அழைத்து, 'இக்கழகத்தைப் பற்றி நீர் எண்ணுவது யாது?' என்று கேட்டல். அடுத்து, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளிற் கழகம் வெளியிட்ட தாள்களை ஒருங்கு பரப்பி, எங்கே முரண், எங்கே மங்கல் என்று குறித்தல். மூன்றாவது, முன்னர்க் கூறிய அடிப்படைக் கூற்றுகளை வகுத்து மூதவையில் விவாதித்து ஏற்றல். நான்காவது, நடைக் கைந்நூலை ஆக்குதல். ஐந்தாவது, எழுதுவோரைப் பயிற்றுதல்.

ஆறாவதாக ஒன்று உண்டு. அதுவே பலராலும் மறக்கப்படுவது. நீர்ப்பங்கீட்டை மேற்பார்க்க ஊர்தோறும் வட்டவிதானை ஒருவர் இருந்தது போல, பல்கலைக்கழகத்தின் சொற்பங்கீட்டை மேற்பார்க்கவும் பொறுப்புடைய ஒருவர் வேண்டும். அவர் பிறரைப் பேசாது தடுப்பவர் அல்லர். வெளியாகும் செய்தி உண்மையா, தெளிவா, மூன்று மொழியிலும் ஒன்றா என்று பார்ப்பவர். அவர் கைக்கொள்ளத்தக்க சோதனை எளியது: அறிவித்தலை வெளியிடுமுன் அத்துறை அறியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டல். அவர் தடுமாறிய இடமெல்லாம் எழுதியவர் தடுமாறிய இடமே.

இங்கே ஒரு தடை எழலாம். பல்கலைக்கழகம் கருத்து வேறுபாட்டின் களமன்றோ? அனைவரும் ஒரே குரலிற் பேசுதல் அறிவுச் சுதந்திரத்துக்கு ஊறாகாதோ? நல்ல வினா. ஒருமை வேண்டுவது நிறுவனம் தன் பெயராற் பேசுமிடத்து மாத்திரமே. விரிவுரையாளர் தம் ஆய்வு முடிவைச் சொல்வதும், மாணவர் தம் கருத்தைச் சொல்வதும் அவரவர் குரல். அவற்றைத் தன் செய்திக்கு இணங்குமாறு வளைக்க முற்படும் நிருவாகம், குரலை வளர்க்கவில்லை, குரல்வளையை நெரிக்கின்றது. 'இங்கே மாறுபட்ட கருத்துகள் மதிக்கப்படும்' என்பதே நிறுவனத்தின் அடிப்படைக் கூற்றுகளில் ஒன்றாதல் தகும்.

குரலின் மெய்த்தன்மை இன்பக் காலத்தில் வெளிப்படுவதினும் துன்பக் காலத்திலேயே வெளிப்படும். பரீட்சை பிற்போடப்பட்ட போதும், பகிடிவதை பற்றிய முறைப்பாடு எழுந்த போதும், மாணவர் ஒருவர் இறந்த போதும் கழகம் என்ன சொல்லுகின்றது, எத்துணை விரைவிற் சொல்லுகின்றது என்பதை மக்கள் கூர்ந்து நோக்குவர். மகிழ்ச்சியில் 'எம் குடும்பம்' என்று பேசிவிட்டு, இடர் வந்ததும் 'சம்பந்தப்பட்ட தரப்பினர்' என்று விலகிப் பேசுமாயின், முன்னைச் சொல் பொய்யென்பது உடனே தெளிவாகும். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாதென்று சொல்லி, அடுத்து எப்போது சொல்வோம் என்பதையும் சொல்லுதலே அவ்வேளைக்குரிய நெறி.

நிறைவுரை

இளம் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பழைமையின் பெருமை குறைவு. ஆயினும் முதியவற்றுக்கு இல்லாத வாய்ப்பு ஒன்று அதற்கு உண்டு. பழகிப்போன வழக்கங்கள் இன்னும் இறுகவில்லை. வவுனியா இன்று எழுதும் கடிதத்தின் நடையே இன்னும் ஐம்பது ஆண்டுக்கு அதன் நடையாகக்கூடும். ஆதலின் நேர்மையும் தெளிவும் பணிவும் உடைய குரலை இப்போதே பழகிக்கொள்ளுதல் அதற்கு எளிது. அதற்கு மாத்திரமன்று, அதன் வாயிலை நோக்கி நிற்கும் வன்னிப் பிள்ளைகளுக்கும் நன்று.

இந்நெறி பல்கலைக்கழகத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. கல்லூரிகளும் பெற்றோர்க்குக் கடிதம் எழுதுகின்றன. பரிசளிப்பு விழா அறிக்கை வாசிக்கின்றன. பழைய மாணவரை விளித்து உதவி கேட்கின்றன. நம் கல்லூரி மாணாக்கருட் சிலர் நாளை பதிவாளராகவும் பீடாதிபதியாகவும் எழுதுவினைஞராகவும் அமர்ந்து, தாம் காணாத ஒரு தந்தைக்கு அறிவித்தல் எழுதுவர். அப்போது, முல்லைத்தீவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அத்தாளை ஒருவர் விரித்து வாசிக்கின்றார் என்பதையும், தம் பிள்ளை செல்லும் வழியை அதிலே தேடுகின்றார் என்பதையும் அவர்கள் நினைத்து எழுதுவாராக.